அடி மேல் அடி

தலைவர் அவர்களே, மெரியிலிருந்து, அதாவது நகராட்சி அலுவலகத்திலிருந்து, நமக்காக நேரம் ஒதுக்கி வந்திருக்கும் துணை மேயர் அம்மையார் அவர்களே (பக்கத்தில் இருக்கும் தம்பி, சுருக்காமல் மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்), எனக்குப் பொன்னாடை போர்த்திய மூத்தவர் ஐயா அவர்களே, வடை சுட்டு முடித்து இப்போதுதான் உட்கார்ந்திருக்கும் அக்காமாரே, அனைவருக்கும் வணக்கம்.

பிரெஞ்சுக் கிராமங்களின் மரபுச் சொத்து பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: கல், சட்டம், தண்ணீர். முதலில் கல்.

த்ரோம் மாவட்டத்தில் ஓத்ரீவ் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஃபெர்தினான் ஷெவால் என்று ஒரு தபால்காரர். தினமும் 30 கிலோமீட்டருக்கு மேல் நடை. 1879இல், 43 வயதில், வழியில் ஒரு கல் தடுக்கியது. நீங்களும் நானுமாக இருந்தால் அதைத் திட்டிவிட்டுப் போயிருப்போம். அவர் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்! மறுநாளும் அதே இடம், இன்னும் அழகான கற்கள். பை கிழிகிறதென்று வீட்டில் ஏச்சு விழுந்ததாகச் சொல்வார்கள். அப்புறம் கூடை, அப்புறம் தள்ளுவண்டி. பகலில் தபால், இரவில் விளக்கொளியில் சுண்ணாம்பும் சிமெண்டும். ஊரார் கிறுக்கன் என்றார்கள். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். 33 வருடத்தில் 26 மீட்டர் நீள மாளிகையே எழுந்துவிட்டது! அஞ்சலட்டையிலும் படப் பத்திரிகையிலும் பார்த்ததையெல்லாம் கட்டினார். மசூதி இருக்கிறது, சுவிஸ் வீடு இருக்கிறது, நம் பக்கத்து இந்துக் கோயிலும் இருக்கிறது. தள்ளுவண்டிக்குக்கூட ஒரு மாடம் வைத்தார். அங்கேயே தன்னைப் புதைக்க அனுமதி கிடைக்கவில்லை. சரி என்று ஊர் இடுகாட்டில் எட்டு வருடம் உழைத்துத் தன் கல்லறையையும் தானே கட்டி முடித்து, 1924இல்தான் கண்ணை மூடினார்.

1964இல் ஓர் அரசு அறிக்கை, அந்த மாளிகை முழுக்க அவலட்சணம் என்றது. அப்போதைய பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ மாளிகைக்காக வாதாடினார். 1969இல் அது பாதுகாக்கப்பட்ட சின்னமானது. சட்டத்தைப் பற்றி இன்னும் சொல்லலாம், தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

இனித் தண்ணீர். நான் கேட்பது இதுதான்: தபால்காரர் கட்டியது மரபு என்றால், சலவைக்காரப் பெண்கள் முட்டிபோட்டு அடித்துத் துவைத்த லவ்வார், அந்த ஊர்ப் பொதுத் துணித்துறை, மட்டும் என்ன? 1851இல் பொதுக் குளியலிடங்களுக்கும் துணித்துறைகளுக்கும் என்றே இந்த நாடு சட்டம் போட்டுப் பணம் கொடுத்தது. நாம் குடியிருக்கும் இந்த ஊரின் துணித்துறைக்குப் போய்ப் பாருங்கள். துவைகல்லின் விளிம்பு கை பட்டுப் பட்டு வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது. மேலே கூரையில் வானம் தெரிகிறது.

அடி மேல் அடி என்றேனே, ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தால் அந்தக் கூரை நிற்கும். மரபு அறக்கட்டளை வழியாக 100 யூரோ கொடுத்தால், வருமான வரி கட்டுபவர்களுக்கு அதில் 66 யூரோ வரியில் கழியும். படிவம் வாசல் மேசையில் இருக்கிறது. செக் எழுதுபவர்கள் முகவரியையும் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் ரசீது வராது. அம்மையார் அவர்களே, உங்களுக்கும் ஒரு படிவம் எடுத்து வைத்திருக்கிறேன்.