கூலியைக் கெடுக்காத சிகிச்சை

நேயர்களுக்கு வணக்கம். குடிநோய்க்கு இணையம் வழியாகவும் போன் வழியாகவும் சிகிச்சை தருகிறார்களே, அது போடுகிற காசுக்குப் பலன் தருகிறதா என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்குக் கோடியில், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களோடு குடிநோய் ஆலோசகராக வேலை செய்கிறேன். அதனால் இந்தக் கணக்கை நான் கூலியிலிருந்துதான் தொடங்க முடியும்.

தோப்பு வேலைக்குப் போகிற ஒருவர் பாலக்காட்டுக்கோ கோயம்புத்தூருக்கோ சிகிச்சைக்குப் போகிறார் என்று வையுங்கள். அரசு மருத்துவமனை, பெரிதாகச் செலவில்லை என்பார்கள். ஆனால் அன்றைக்குக் கூலி போச்சு. தனியாக அனுப்பினால் பாதி வழியில் இறங்கிவிடுவார் என்று வீட்டுக்காரம்மாவும் கூடப் போவார். அவர் கூலியும் போச்சு. ரெண்டு பேருக்குப் பஸ் காசு, வெளியே சாப்பாடு. ஓ.பி. வரிசையில் அரை நாள், உள்ளே டாக்டரோடு சில நிமிஷம். பதினைந்து நாள் கழித்து வரச் சொல்வார்கள். அடுத்த முறை போவதற்குக் கடன் வாங்க வேண்டும், அல்லது போகாமல் இருக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கிறது. திரும்பி வருகிற வழியில் கள்ளுக்கடை. கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் அந்தப் பக்கம் தமிழ்நாடு. அங்கே 1987 முதல் கள்ளுக்குத் தடை, ஆனால் டாஸ்மாக் உண்டு. எல்லைக்காரருக்கு இரண்டு மாநிலத்துக் கடையும் பக்கம், மருத்துவமனைதான் தூரம்.

எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான தேசிய ஆய்வின்படி, நாட்டில் மதுவுக்கு அடிமையானவர்கள் ஏறக்குறைய 2.9 கோடிப் பேர். அவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். மீதி 37 பேருக்கும் மனசில்லை என்று சொல்லிவிடலாம், சுலபம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வர முடியாதவர்கள் அதில் நிறைய.

சரி, போன் சிகிச்சை மலிவுதானே என்று கேட்பீர்கள். மலிவு வேறு, செலவுக்கேற்ற பலன் வேறு. யாருமே குணமாகவில்லை என்றால் பத்து ரூபாய் சிகிச்சையும் தண்டச் செலவுதான். மொத்தச் செலவை, அதனால் தேறியவர்களின் கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் ஏறக்குறைய 7,900 பேரைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. முடிவு 2011-ல் வந்தது. ஒரு பாதிப் பேருக்கு, மனநல முறைகளை வைத்துக் கவனமாகச் செய்த இணையதளம். மறு பாதிக்கு, குடியைப் பற்றிய சாதாரணத் தகவல் பக்கம். இரண்டு பக்கமும் குடி குறைந்தது, ஆனால் ஏறக்குறைய ஒரே அளவுக்கு. மெனக்கெட்டுச் செய்த தளத்தால் தனியாக ஒரு லாபமும் இல்லை.

நெதர்லாந்தில் 2012-ல் வெளியான இன்னொரு ஆய்வு, தானாகவே பயிற்சி செய்துகொள்ளும் முறையையும், இணையத்திலேயே ஒரு ஆலோசகர் எழுத்து வழியாக உரையாடும் முறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. ஆலோசகர் இருந்தால் சம்பளம் உண்டு, செலவு கூடும். ஆனாலும் அதுதான் பணத்துக்கு ஏற்றது என்று தெரிந்தது. முழு நலத்தோடு வாழ்கிற ஒரு வருஷத்தைக் கூடுதலாகப் பெறுவதற்கு ஆன அதிகச் செலவு 14,710 யூரோ என்று கணக்கிட்டார்கள். இதை ரூபாயாக மாற்றி நம் ஊரில் ஒட்ட வைக்க முடியாது. அங்கே சம்பளம் வேறு, மருத்துவச் செலவு வேறு. நான் எடுத்துக்கொள்வது ஒன்றைத்தான்: எதிர்முனையில் ஒரு ஆள் இருந்தால், அந்த ஆளுக்குக் கொடுக்கிற சம்பளம் வீணாகாது.

அந்த ஆள் டாக்டராகத்தான் இருக்க வேண்டுமா? கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 377 ஆண்களிடம் நடந்த ஆய்வு 2017-ல் வந்தது. மனநலப் படிப்பு இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அதிகபட்சம் நான்கு சந்திப்பு மட்டும் பேச வைத்தார்கள். மூன்று மாதத்தில் 36 சதவீதம் பேர் ஆபத்தான குடியிலிருந்து விலகியிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 26 சதவீதம். அது நேரில் நடந்தது, இணையத்தில் இல்லை. அடிமையாகிவிட்டவர்களுக்கு நடந்ததும் இல்லை. குடி உடம்பைக் கெடுக்கத் தொடங்கிய நிலையில் இருந்தவர்களுக்கு. நம்ம ஊரில் பயிற்சி பெற்ற ஒரு தமிழ்ப் பெண், வடகரப்பதியில் இருந்துகொண்டே போனில் இதைச் செய்யலாம் என்பது என் கணிப்பு. மலையாளம் எல்லோருக்கும் புரியும். ஆனால் ராத்திரி வீட்டில் நடந்த சண்டையைச் சொல்ல வாய் தமிழைத்தான் தேடும்.

போன் உதவாத இடமும் உண்டு. தினமும் காலையிலேயே குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும் என்கிற நிலையில் இருப்பவர் திடீரென்று நிறுத்தக் கூடாது. இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், இல்லாத ஆளோடு பேசலாம், உயிரே போகலாம். அவரை மருத்துவமனையில்தான் சேர்க்க வேண்டும். 2020 மார்ச்சில் ஊரடங்கால் கடைகள் மூடியபோது கேரளம் இதைப் பார்த்தது. டாக்டர் சீட்டுக்கு மது தரலாம் என்று அரசு உத்தரவு போட்டது. உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. மே மாதக் கடைசியில் கடை வரிசைக்கு டோக்கன் கொடுக்க பெவ்க்யூ என்று ஒரு ஆப் வந்துவிட்டது. வாங்க ஆப் போட அவ்வளவு வேகம்!

சபரிமலைக்கு மாலை போட்டு 41 நாள் ஒரு சொட்டும் தொடாதவர்கள் நம் பக்கம் எத்தனை பேர்! மாலையைக் கழற்றிய சாயங்காலமே கடையில் நிற்பவர்களும் அவர்களில் உண்டு. முடியும் என்று அவர்களே காட்டிவிட்டார்கள். நாமோ அந்த 42-ஆம் நாளை அப்படியே விட்டுவிடுகிறோம். அன்றைக்கு ஒரு போன், அடுத்த வாரம் ஒரு போன். இதைவிடக் குறைந்த செலவில் செய்யக்கூடிய வேலை எதுவும் எனக்குத் தோன்றவில்லை. கை நடுக்கக்காரர் மாலை போடும் முன் டாக்டரைப் பார்த்துவிட்டுப் போடட்டும்.

அதே போனில்தான் 'குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்கிற விளம்பரமும் வருகிறது. ஆயிரக்கணக்கில் பணம் கட்டி வாங்குகிறார்கள். சிலவற்றில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதபடி செய்கிற டைசல்பிராம் போன்ற மருந்து அதில் இருந்து, அது தெரியாமல் அவர் குடித்துவிட்டால் நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கி, ஆளே சாய்ந்துவிடலாம். டாக்டர் கண்காணிப்பில், குடிப்பவர் சம்மதத்தோடு கொடுக்க வேண்டிய மருந்து அது. வாங்காதீர்கள் அம்மா.

இன்னொரு சிக்கல், போன் யாருடையது என்பது. பல வீடுகளில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன், அதுவும் பையன் கையில். ஒற்றை அறை வீட்டில் மனைவி அடுப்படியில், அப்பா திண்ணையில். ஆலோசகர் 'நேத்து எவ்வளவு குடிச்சீங்க' என்று கேட்டால் என்ன பதில் வரும்? பஞ்சாயத்து வாசகசாலையிலோ சுகாதாரத் துணை மையத்திலோ கதவு சாத்துகிற ஒரு அறை, ஒரு போன், சாயங்காலம் வேலை முடிந்த பிறகு இரண்டு மணி நேரம். இவ்வளவு போதும். மது விற்று வருகிற வருமானத்தில் இது கணக்கிலேயே வராத தொகை. பஞ்சாயத்து உறுப்பினர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், அடுத்த கிராமசபையில் இதை எழுப்புங்கள்.

அதுவரைக்கும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் இருக்கிறது: 14416. கட்டணம் இல்லை, ராத்திரியிலும் எடுப்பார்கள், மொழி கேட்கும்போது தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். போதைப் பழக்கத்துக்கென்றே இருக்கிற தேசிய எண் 14446. குடிப்பவர்தான் கூப்பிட வேண்டும் என்பதில்லை. மனைவியோ மகளோ கூப்பிட்டுப் பேசலாம். வணக்கம்.