பள்ளிக்கூடத்துக்கு சீர் கொண்டு போறோம், வாங்க

வணக்கங்க. அடுப்படியில வேலை பாத்துக்கிட்டே ரேடியோ கேக்குற அக்கா தங்கச்சிங்க, வயக்காட்டுல போன்ல கேக்குற அண்ணன்மாரு, எல்லாருக்கும் வணக்கம். நான் எங்க ஊரு ஊராட்சி ஒன்றிய தொடக்கப்பள்ளியில மேலாண்மைக் குழு தலைவி. எம்பொண்ணு அங்க மூணாவது படிக்குறா. குழுவுல முக்கால்வாசிப் பேரு பெத்தவங்களா இருக்கணும், பாதிப் பேரு பொம்பளைங்களா இருக்கணும்னு 2009ல வந்த கல்வி உரிமைச் சட்டத்துலயே இருக்குங்க, ஆனா கூட்டம்னா கையெழுத்துப் போட்டுட்டு டீ குடிச்சிட்டு வர்றதுன்னு நம்மள்ல நிறைய பேரு நினைச்சிக்கிட்டு இருக்கோம், அது எனக்கு ரொம்ப வருத்தம்.

எங்க பள்ளிக்கூடத்துல 43 பிள்ளைங்க, அஞ்சு வகுப்பு, ரெண்டே டீச்சர். 60 பிள்ளைங்க வரைக்கும் ரெண்டு டீச்சர்தான்னு சட்டத்துல கணக்கு. அப்ப மிச்சத்தை ஊருதானே பாக்கணும்?

2023 ஆகஸ்ட்ல இருந்து காலைச் சாப்பாடு எல்லா அரசு தொடக்கப்பள்ளிக்கும் வந்திருச்சு. எங்க ஊர்ல சமைக்குறது மகளிர் குழுவுல இருக்குற ஒரு தங்கச்சி, அவ பையனும் அங்கதான் படிக்குறான். சாம்பார்ல காய் கம்மியா இருந்தா வரிசையில நின்னுக்கிட்டே "அம்மா, கேரட் எங்க?"ன்னு அவனே கேட்டுருவான். இதைவிட நல்ல மேற்பார்வை வேற என்ன வேணும், சொல்லுங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். வர்ற மாசி மாசம் ஆண்டு விழா, அன்னைக்கே கல்விச் சீர். தாய்மாமன் சீர் கொண்டு போற மாதிரியே மேளம் கொட்டி, தாம்பாளத்துல வெத்தலை பாக்கு பழத்தோட நோட்டு, பென்சில் எல்லாம் வெச்சு தெருவோட ஊர்வலமா போவோம். இது நேத்து வந்த பழக்கம் இல்லைங்க. காமராஜர் முதலமைச்சரா இருந்தப்ப, கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுன்னு ஊரூரா நடத்துனாரு, ஜனங்க பெஞ்சு, கரும்பலகை, நிலம்னு அள்ளிக் குடுத்தாங்க. எங்க பள்ளிக்கூடத்துல இன்னமும் ஒரு பழைய பெஞ்சு கிடக்கு, பின்னால 'உபயம்'னு எழுத்து மட்டும் இருக்கு, பேரு தேஞ்சு போச்சு. புள்ளைங்க இப்பவும் அதுலதான் பை வெக்குதுங்க.

ஆனா போன தடவ ஒரு தப்பு நடந்துபோச்சு. யாரும் டீச்சரைக் கேக்காம ஆளாளுக்கு பிளாஸ்டிக் சேர் வாங்கிட்டு வந்துட்டோம். ஒண்ணாவது புள்ளைங்க உக்காந்தா காலு தரையில படல, தொங்குது, பத்து நிமிஷத்துல கீழ இறங்கி தரையிலயே உக்காந்துக்கிச்சுங்க. கை கழுவுற குழாயும் அப்படித்தான், எங்க இடுப்பு உயரத்துக்கு இருக்கு, சின்னதுங்களை அஞ்சாவது பிள்ளைங்க தூக்கிப் பிடிச்சு கழுவ விடுதுங்க.

அதனால இந்தத் தடவ டீச்சர்கிட்டயே கேட்டு எழுதி வாங்கிட்டோம். ஜமுக்காளம் நாலு வேணும். குழாயைக் கீழ இறக்கணும். சுவத்துல புள்ளைங்க உக்காந்தபடியே எழுதுற மாதிரி கீழ்மட்ட கரும்பலகைக்கு பெயிண்ட் அடிக்கணும். காசு இல்லாதவங்க சங்கடப்பட வேணாம், கொத்தனார் அண்ணன் ஒருத்தர் அரை நாள் வந்தா அதுவும் சீருதான், எனக்குக் கேட்டா அதுதான் பெரிய சீரு.

அப்புறம் மார்ச் 22 கிராம சபை, அதுல காம்பவுண்டு சுவர் தீர்மானம் வெக்கப்போறோம், பொம்பளைங்க நிறைய வந்து உக்காரணும், வந்தாத்தான் பேச்சு எடுபடும். அட்மிஷனும் 2024ல இருந்து மார்ச்லயே ஆரம்பிச்சிடுறாங்க, அஞ்சு வயசு ஆகப்போற புள்ளை வீட்டுல இருந்தா டீச்சர்கிட்ட இப்பவே சொல்லி வையுங்க.

விழா அன்னைக்கு சாயங்காலம் நாலு மணிக்கு மாரியம்மன் கோயில் வாசல்ல இருந்து கிளம்புறோம். தாம்பாளம் இல்லாதவங்க எங்க வீட்டுக்கு வாங்க, ஆறு எடுத்து வெச்சிருக்கேன்.