அப்பம்மா சொன்னதும் பிள்ளை சொன்னதும்
(கனடாவின் ஸ்காபரோவில் முதியோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, குத்துவிளக்கேற்றிய ஐயா அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கிடையே வந்திருக்கும் நகரசபை உறுப்பினர் அவர்களே, பனியிலும் பஸ் பிடித்து வந்திருக்கும் அம்மாமாரே, வணக்கம். வாழ்த்துப் பாடிய பிள்ளைகளுக்கும் காலையிலேயே வந்து கதிரை அடுக்கிய தம்பிமாருக்கும் என் தனி நன்றி.

பல்லினச் சமூகங்களில் உளவளத்துணை, அதாவது கவுன்சிலிங், பற்றிப் பேசச் சொன்னார்கள். தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள் எங்கள் ஊரில். 1977இல் ஸ்டான்லி சூ என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் 17 மனநல நிலையங்களின் பதிவுகளைப் பார்த்தார். வெள்ளையரில் 30 சதவீதத்தினர் முதல் சந்திப்போடு நின்றுவிட்டார்கள். சிறுபான்மையினரில் ஏறக்குறையப் பாதிப்பேர். அவருடைய சகோதரர் டெரால்ட் விங் சூ இன்னும் இருவரோடு சேர்ந்து 1992இல் உளவளத்துணையாளருக்கு வேண்டிய 31 தகைமைகளை வகுத்தார். தன் மனச்சாய்வைத் தான் அறிதல், உதவி தேடி வந்தவரின் உலகத்தை அறிதல், அதற்கேற்ற திறன் என்று அவை மூன்று வகை. மூன்றையும் பேசத்தான் வந்தேன். ஆனால் திறன் என்பதற்குள்ளே, வந்தவர் கேட்கும் மொழியில் பேசு, முடியாவிட்டால் தகுந்த மொழிபெயர்ப்பாளரைத் தேடு என்று இருக்கிறது. என் மனம் அங்கேயே நின்றுவிட்டது.

ஏன் என்றால், என் அம்மா. ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டா. நான் வேலையில். அயல்வீட்டுக்காரர் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். கூடப் போனவன் என் மகன், பதினொரு வயது. அயலவருக்குத் தமிழ் தெரியாது. டொக்டர் கேட்டதை அவன் தமிழில் சொல்ல, அம்மா சொன்னதை அவன் ஆங்கிலத்தில் சொல்ல, ஈசிஜி எடுத்தார்கள். இதயத்தில் ஒன்றுமில்லை. வாயுக்குளிசை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எனக்கும் நிம்மதி.

இரவு படுக்கப் போன பிள்ளை திரும்பி வந்தான். பைஜாமா நுனியைத் திருகிக்கொண்டு நின்றான்.

"அப்பா, பெரியப்பா போனதிலிருந்து நெஞ்சுக்குள்ள கல்லு மாதிரி இருக்கு, செத்துப்போனா நல்லம் எண்டு அப்பம்மா சொன்னவ. நான் அதை டொக்டரிட்டச் சொல்லேல்ல. நெஞ்சு நோகுது எண்டு மட்டும் சொன்னனான்."

தலையிடியும் காய்ச்சலும் எனக்கு வந்தது அன்றைக்குத்தான். பிள்ளையில் பிழையில்லை. அந்த வசனத்தைச் சுமக்க அவனுக்கு வயது போதாது. சுமக்க வைத்தது நாங்கள்.

அப்புறம் தமிழ் தெரிந்த ஒரு உளவளத்துணையாளரைத் தேடிப் பிடித்தோம். முதல்நாள் என்ன கதைத்தீர்கள் என்று கேட்டேன். "அண்ணாவைப் பற்றி" என்றா. போர் முடிந்து அத்தனை வருடத்தில், என்னிடம்கூட அவ என் அண்ணாவைப் பற்றி வாய் திறந்ததில்லை.

நகரசபை உறுப்பினர் அவர்களிடமும் இதைத்தான் கேட்கிறேன். மருத்துவமனையில் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது. பயிற்சி பெற்ற, சம்பளம் வாங்கும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். வாசல் மேசையில் மனு இருக்கிறது. தமிழிலேயே கையெழுத்து வைக்கலாம். கண்ணாடி கொண்டுவராதவர்களுக்கு வாசித்துக் காட்ட நான் அங்கே நிற்பேன்.