தொட்டுக்கொள்வதே சாப்பாடு

நேயர்களுக்கு வணக்கம்.

எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சை முடிந்து ஒருவர் வீடு திரும்பினால், பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் "பைபாஸா? நெஞ்சு வலி எப்ப வந்தது?" என்றுதான் தொடங்குகிறார்கள். இந்தப் பைபாஸ் இதயத்துக்குச் செய்வதில்லை, இரைப்பைக்குச் செய்வது என்று விளக்கி முடிப்பதற்குள், "அப்ப இனிமே என்னதான் சாப்பிடுவீங்க?" என்ற அடுத்த கேள்வி வந்துவிடுகிறது. உணவியல் ஆலோசகராக இத்தகைய நோயாளிகளோடு பல ஆண்டுகளாகப் பழகிவரும் நான் இன்று பேசப்போவது அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான்.

நம் ஊரில் இப்போது பெரும்பாலும் இரண்டு வகை அறுவைகள் செய்யப்படுகின்றன. ஸ்லீவ் என்று சொல்லப்படும் முறையில், இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் நீளவாக்கில் வெட்டி அகற்றப்பட்டு, 100 முதல் 150 மில்லி வரை கொள்ளும் ஒரு குழாய் மட்டும் மிஞ்சுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகமாகச் சுரக்கும் பகுதியும் வெட்டிய பாகத்தோடு போய்விடுவதால், தொடக்க மாதங்களில் பசியே எடுப்பதில்லை என்று பலர் வியப்போடு சொல்வார்கள். பைபாஸ் முறையில் இரைப்பையின் மேல்முனையில் ஏறக்குறைய 30 மில்லி கொள்ளும் ஒரு சிறு பை பிரிக்கப்பட்டு, சிறுகுடலின் தொடக்கப் பகுதியைத் தாண்டி, அதற்குக் கீழே உள்ள குடலோடு நேரடியாக இணைக்கப்படுகிறது. 30 மில்லி என்பது இருமல் மருந்துப் புட்டியின் மூடியில் மூன்று முறை ஊற்றும் அளவு. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1966-ல் எட்வர்ட் மேசன் என்ற அறுவை மருத்துவர் இந்தப் பைபாஸைத் தொடங்கிவைத்தார்; வேறு நோய்களுக்காக இரைப்பையில் ஒரு பகுதியை இழந்தவர்கள் மெலிந்தே இருந்ததைக் கவனித்ததிலிருந்து பிறந்த எண்ணம் அது.

இவ்வளவு சிறிய இடத்தில் எதை முதலில் வைப்பது என்பதில்தான் நம் சமையலறைக்குத் தனிச் சிக்கல் இருக்கிறது. நம் இலையில் நடுவிடம் சோற்றுக்கு. குழம்பு அதைப் பிசைவதற்கு. பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் எல்லாம் தொட்டுக்கொள்வதற்கு. இந்த வரிசையில் சாப்பிட்டால், பத்து வாய் சோறு இறங்கியதுமே வயிறு நிறைந்து, உடலுக்கு மிகவும் தேவையான புரதம் இலை ஓரத்திலேயே தங்கிவிடும். ஆகவே என்னிடம் வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, இனி தொட்டுக்கொள்வதைச் சாப்பாடாகவும், சோற்றைத் தொட்டுக்கொள்வதாகவும் மாற்றிக்கொள்ளுங்கள் என்பதுதான். சொன்னதும் சிரிப்பார்கள். செய்து பார்க்கும்போதுதான், பல தலைமுறைப் பழக்கத்தைத் திருப்பிப் போடுவது எவ்வளவு கடினம் என்பது தெரியவரும்.

முதல் சில வாரங்களைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. அதற்கான அட்டவணையை மருத்துவமனையிலேயே தந்துவிடுவார்கள். முதலில் தெளிந்த நீராகாரம், பிறகு ஏறக்குறைய இரண்டு வாரம் பால், மோர், புரத மாவு போன்ற திரவங்கள், அதன்பின் மசித்த உணவு, பிறகு மென்மையான உணவு என்று படிப்படியாக நகர்ந்து, பொதுவாக இரண்டு மாத அளவில் வழக்கமான உணவுக்கு வரலாம். ஆனால் ஒரு தவறான நம்பிக்கையை மட்டும் இங்கே சொல்லியாக வேண்டும். பருப்பை வேகவைத்து வடித்த தண்ணீரில் சத்து முழுவதும் இறங்கிவிடுகிறது என்று நம் வீடுகளில் நினைக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் வாசனை இருக்கிறது, உப்பு இருக்கிறது. புரதமோ பெரும்பாலும் பாத்திரத்தின் அடியில் இருக்கும் பருப்பிலேயே நின்றுவிடுகிறது. கேழ்வரகுக் கஞ்சியும் நல்ல உணவுதான், ஆனால் அதை மட்டும் நம்பினால் புரதக் கணக்கு நிரம்பாது.

ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் வரை புரதம் வேண்டும் என்பது பொதுவான அளவு. ஓர் இட்லியில் இருப்பது ஏறக்குறைய 2 கிராம்தான் என்று வைத்துக்கொண்டால், இட்லியைக் கொண்டே இந்தக் கணக்கை முடிக்க முடியாது என்பது விளங்கும். முட்டை ஒன்றில் 6 கிராம் இருக்கிறது. 75 கிராம் மீன் துண்டில் 15 கிராமுக்குக் குறையாது. ஆகவே அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு வழி எளிது. சைவ வீடுகளில் கொஞ்சம் திட்டமிட வேண்டும். காலையில் 200 மில்லி பாலில் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் இரண்டு மேசைக்கரண்டி கரைத்துக் குடித்தால் 12 கிராம், நடுப்பகலில் 50 கிராம் பன்னீரும் ஒரு சிறு கிண்ணம் கெட்டித் தயிரும் சேர்த்து 13 கிராம், மாலையில் அரைக் கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் 7 கிராம், இரவில் 20 கிராம் சோயா உருண்டையை ஊறவைத்துச் செய்த கூட்டோடு கெட்டிப் பருப்பு அரைக் கிண்ணம் சேர்த்து 15 கிராம். இதுவரை 47 கிராம். மிச்சத்துக்குப் புரத மாவு ஒரு கரண்டி வேண்டியிருக்கும். மாவு விலை அதிகம் என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. கூடுதலாக ஒரு வேளை பாலும் பன்னீரும் சேர்த்து ஈடுகட்டலாம்.

சாப்பிடும் விதமும் மாறியாக வேண்டும். சுண்டலைக் கையால் அள்ளிப் போட்டுக்கொள்ளாமல் சிறு கரண்டியால் நான்கைந்து கடலைகளாக எடுத்து, கூழாகும்வரை மென்று விழுங்கி, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அது இறங்கிய பிறகு அடுத்த கரண்டியை எடுக்க வேண்டும். ஒரு சிறு கிண்ணத்துக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆகும். அவசரப்பட்டால் மார்பெலும்புக்குப் பின்னால் அடைத்துக்கொண்டதுபோல் வலித்து, எச்சில் ஊறி, வாந்தியில் முடியும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பதையும் விட வேண்டும். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்தே குடிக்கலாம். நாள் முழுவதும் சிறு சிறு மிடறாகக் குடித்து ஒன்றரை லிட்டரை எட்டிவிட வேண்டும். சோற்றில் ரசத்தை ஊற்றிக் கரைத்துக் குடிப்பதும் இந்த விதியை மீறுவதுதான். ரசம் சாதம் உடம்புக்கு ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கையில் வளர்ந்த நமக்கு இது ஏற்கக் கடினமாக இருக்கும்; நீர்த்துப்போன சோறு சிறு பையில் நிற்காமல் வழுகி இறங்கிவிடுவதால் வயிறு நிறைந்த உணர்வு சீக்கிரமே போய்விடுகிறது என்பதே காரணம்.

பைபாஸ் செய்துகொண்டவர்கள் இனிப்பில் மிகுந்த கவனமாக இருக்க வேண்டும். அரை டம்ளர் பாயசம் போதும்; அது நேராகச் சிறுகுடலுக்குள் பாய்ந்து, கால் மணி, அரை மணி நேரத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிடிப்பு, வயிற்றுப்போக்கு என்று ஆளைப் படுக்கவைத்துவிடும். டம்பிங் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, கைநடுக்கமும் மயக்கமும் வருவதுண்டு. அப்போது வீட்டார் பதறிப்போய் மேலும் சர்க்கரைத் தண்ணீரையே திரும்பத் திரும்பக் கொடுத்தால் அதே சுழற்சி மீண்டும் தொடங்கும். தெளிந்ததும் புரதம் உள்ள சிற்றுணவு ஒன்றைக் கொடுத்து நிலைப்படுத்த வேண்டும். மதுவும் இவர்கள் உடலில் விரைவாக ரத்தத்தில் ஏறும் என்பதையும், அறுவைக்குப் பின் மதுப்பழக்கத்துக்கு அடிமையாகும் அபாயம் கூடுகிறது என்பதையும் ஆண் நோயாளிகளிடம் நான் மறக்காமல் சொல்வேன்.

இனி மாத்திரைகள். எடை குறைந்து, சர்க்கரை நோய் மாத்திரைகள் நின்று, உடம்பு லேசானதும், மற்ற மாத்திரைகள் எதற்கு என்ற எண்ணம் வருவது இயல்பு. இங்கேதான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. உணவிலிருந்து இரும்புச்சத்தை ஈர்க்கும் குடற்பகுதியைத் தாண்டித்தான் பைபாஸ் பாதை போகிறது. வைட்டமின் பி12 ஈர்க்கப்படுவதற்கு இரைப்பையின் சுரப்பு வேண்டும், அதுவும் குறைந்துவிட்டது. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் பி12 குறைவு உடனே தெரியாது. இரண்டு, மூன்று ஆண்டு கழித்து உள்ளங்கால் மரத்துப்போகும்போது, அறுவைக்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. சுண்ணாம்புச்சத்து மாத்திரையைச் சிட்ரேட் வகையாகக் கேட்டு வாங்குங்கள். கார்பனேட் வகை கரைய இரைப்பை அமிலம் வேண்டும். இரும்பு மாத்திரையையும் சுண்ணாம்பு மாத்திரையையும் ஒன்றாகப் போட்டால் இரும்பு ஏறாது; இரண்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரம் விட வேண்டும், இரும்பைக் காபி, தேநீரோடு விழுங்கவே கூடாது. மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் சொல்லி வாங்கும் வலி மாத்திரைகளில் பல, பைபாஸ் இணைப்பில் புண்ணை உண்டாக்கக்கூடியவை. மருத்துவரைக் கேட்காமல் அவற்றைத் தொடாதீர்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அறுவைக்குப் பின் சில நாட்களாக வாந்தி நிற்கவில்லை என்றால் வீட்டில் காத்திருக்க வேண்டாம். தயமின் என்னும் பி1 வைட்டமினின் சேமிப்பு உடலில் சில வாரங்களுக்கு மேல் தாங்காது. அது வற்றினால் பார்வை இரட்டையாகித் தெரியும், நடை தள்ளாடும், மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். அருகில் உள்ள மருத்துவமனைக்குப் போனாலும், இந்த அறுவை செய்திருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஏனென்றால் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகக்கூடும்.

மூன்றாவது, நான்காவது மாதத்தில் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டுவதைப் பார்த்துப் பெண்கள் அழுவார்கள். விரைவான எடைக்குறைவின் அதிர்ச்சியால் வருவது இது. புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் சில மாதங்களில் மீண்டும் வளரும். குழந்தை பெற விரும்புகிறவர்கள் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை பொறுத்திருக்க வேண்டும்.

உறவினர்களின் வாய்க்கு மட்டும் மருந்தில்லை. "எளைச்சுப் போயிட்டியே, சுகர் வந்துருச்சா?" என்று கேட்பவர்களும், கல்யாணப் பந்தியில் "ஒரு வாய் வச்சுக்கோங்க" என்று இலையை நிரப்புகிறவர்களும் கெட்ட எண்ணத்தில் அப்படிச் செய்வதில்லை. பந்தியில் முதலிலேயே இலையின் பாதியை மடித்துவிடுங்கள் என்று ஒரு நோயாளியே எனக்குச் சொல்லிக்கொடுத்தார். பரிமாறுகிறவர் கை தானாக நின்றுவிடுகிறதாம். நான் அதை இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன்.

எடை திரும்புவதைப் பற்றிச் சொல்லாமல் இந்த உரையை முடிக்க முடியாது. ஸ்வீடனில் 1987-ல் தொடங்கி நெடுங்காலம் நடந்த ஓர் ஆய்வில், பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் சராசரியாகத் தம் எடையில் 32 விழுக்காடு வரை இழந்தார்கள். பத்து ஆண்டு கழித்து அது 25 விழுக்காட்டில் நிலைத்தது. அதாவது, 100 கிலோவில் தொடங்கிய ஒருவர் 68-க்கு இறங்கி, மெல்ல 75-க்கு வந்து நின்றால், அது பலருக்கும் நடப்பதுதான். அந்தக் கொஞ்சம் ஏறியதும் தோற்றுவிட்டதாக நினைத்து, எடை பார்ப்பதையும் மருத்துவமனைக்கு வருவதையும் நிறுத்திவிடுவதுதான் ஆபத்து. வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ளும் அந்தக் காலத்தில்தான் ஏழு கிலோ பதினேழாகிறது.

அப்படி ஒளிந்திருந்து, மகள் கையைப் பிடித்து இழுத்துவந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எனக்கு நினைவுக்கு வருகிறார். ஸ்லீவ் செய்து நான்கு ஆண்டு ஆகியிருந்தது. இறங்கிய எடையில் 9 கிலோ திரும்பியிருந்தது. தான் எதையும் அதிகம் சாப்பிடுவதில்லை என்று சொல்லி, ஒரு வாரம் எழுதிய நோட்டை நீட்டினார். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. மூன்று வேளை உணவிலும் தவறே இல்லை. ஆனால் தினமும் பதினொரு மணிக்கும் நான்கு மணிக்கும் "காபி" என்று மட்டும் எழுதியிருந்தது. காபியோடு என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்லைங்க, ரஸ்க்குதான்" என்றார். எத்தனை என்றேன். மகள்தான் சொன்னார்: பாக்கெட் மூன்று நாளில் தீர்ந்துவிடுகிறது.

அவர் என்னிடம் எதையும் மறைக்கவில்லை. காபியில் நனைத்த ரஸ்க்கும், வாயில் போட்டதும் கரையும் மிக்சரும் நம் கணக்கில் சாப்பாடே கிடையாது. அறுவையால் சுருங்கிய இரைப்பையும் அவற்றைச் சாப்பாடாகக் கருதுவதில்லை. அரைக் கிண்ணம் சுண்டலுக்கு நிறைந்துபோகும் அதே குழாயில், நனைந்த ரஸ்க் எத்தனை வேண்டுமானாலும் தடையில்லாமல் இறங்கும். கலோரி மட்டும் தங்கிவிடும். அவருக்கு நான் புதிதாக எந்த உணவுப் பட்டியலும் தரவில்லை. நான்கு மணிக்குச் சுண்டலோ அவித்த முட்டையோ முதலில், காபி அரை மணி நேரம் கழித்து, தனியாக. ரஸ்க் வீட்டுக்குள் வரக் கூடாது; அந்தப் பொறுப்பு மகளுக்கு. மாலையில் நடையும், வாரம் இரண்டு நாள் தண்ணீர் நிரப்பிய புட்டிகளைத் தூக்கி இறக்கும் பயிற்சியும், தசை குறையாமல் இருப்பதற்காக.

எட்டு மாதத்தில் 5 கிலோ இறங்கியது. மீதி நான்கு இறங்காமலே போகலாம் என்று அவரிடம் சொன்னேன். "சுகர் மாத்திரை?" என்று கேட்டார். இப்போதைக்கு வேண்டியதில்லை, அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு ஆறு மாதத்தில் வாருங்கள் என்றேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியைக் குறித்துக்கொண்டார்.

நன்றி, வணக்கம்.