கிணற்றின் கோடு

நேயர்களுக்கு வணக்கம். எண்களைப் படமாக்கிக் காட்டும் கருவிகள், சிக்கலான முடிவொன்றை எடுக்க வேண்டியவருக்கு எவ்வாறு துணை நிற்கின்றன என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒரு கிணற்றிலிருந்து தொடங்குகிறேன்.

அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் என் தாய்மாமனுக்கு ஒரு கிணறு உண்டு. தரையிலிருந்து எத்தனை அடி ஆழத்தில் நீர் நிற்கிறது என்பதை மாதந்தோறும் கயிறு விட்டு அளந்து, 9 ஆண்டுகளாக நோட்டில் எழுதி வந்தார். நவரைப் பருவத்துக்கு நெல் நடுவதா, தண்ணீர் குறைவாகக் கேட்கும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுவதா என்ற கேள்வி எழும்போதெல்லாம் அந்த நோட்டைப் புரட்டுவார். ஆனால் நூற்றுக்கு மேற்பட்ட எண்களை ஒருசேர மனத்தில் நிறுத்த யாரால் இயலும்? நான் அவற்றை வரைபடத் தாளில் கோடாக வரைந்தேன். ஆழம் கூடக் கூடக் கோடு மேலே ஏறியதைப் பார்த்து, "என்னப்பா, தண்ணி ஏறுதுன்னு போட்டிருக்கே?" என்று அவர் கேட்டார். அவர் கேட்டது முற்றிலும் சரி. தரையை மேலே வைத்து, கோடு கிணற்றைப் போலவே கீழே இறங்குமாறு மாற்றி, அந்தந்த மாதத்து மழையளவையும் நேர்மேலே பட்டைகளாக நிறுத்தினேன். மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளிலும் சித்திரை மாத நீர்மட்டம் முந்தைய சித்திரையைவிடத் தாழ்ந்தே இருந்ததை, அவரே விரல் வைத்துக் காட்டினார். அந்த நவரைக்கு மல்லாட்டை போட்டார். முடிவு அவருடையது, ஒப்பிட வேண்டியவற்றை அருகருகே வைத்தது மட்டுமே படத்தின் வேலை. அருகருகே என்பதை மீண்டும் அழுத்திச் சொல்கிறேன்.

கிணறு நிறைந்திருந்த மாதங்களையும் அவர் விடாமல் எழுதியிருந்தார் என்பதைக் கவனியுங்கள். 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் ஏவப்படுவதற்கு முந்தைய இரவு, அதன் உந்து ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் தாங்குமா என்று பொறியாளர்கள் விவாதித்தபோது, வளையம் சேதமுற்ற பயணங்களை மட்டுமே வெப்பநிலையோடு ஒப்பிட்டார்கள். சேதமில்லாத பயணங்களையும் சேர்த்துப் பார்த்த விசாரணைக் குழு, 66 பாரன்ஹீட் டிகிரிக்குக் குறையாத 20 பயணங்களில் மூன்றில் மட்டுமே பாதிப்பு இருந்ததையும், 63 டிகிரிக்கு மேற்படாத நான்கிலுமே பாதிப்பு இருந்ததையும் பின்னர் சுட்டிக்காட்டியது. அதற்குள் விண்கலம் சிதறி 7 உயிர்கள் போய்விட்டன.

நேரம் முடியப்போவதால் கணினிக் கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடிகிறது. மழை குறைந்தால் என்னவாகும், பரப்பைப் பாதியாக்கினால் என்னவாகும் என்று மாற்றி மாற்றிக் கேட்டு, விடையை அப்போதே படமாகக் காண அவை வழிசெய்கின்றன. ஆனால் வருங்காலத்தை ஒற்றைக் கோடாக வரையாமல், எதுவரை ஏறலாம், எதுவரை இறங்கலாம் என்பதையும் நிழலிட்டுக் காட்ட வேண்டும். அந்த நிழல் இல்லாத படத்தை நம்பி ஆழ்துளைக் கிணற்றுக்குக் கடன் வாங்கிவிடாதீர்கள். வணக்கம்.