முதலில் உங்கள் வாடகையை எழுதுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். வெளிநாட்டில் இளைஞர்கள் நடுவே தொண்டு செய்யப் புறப்படும் ஒரு குடும்பம் ஆதரவு கேட்டு வந்தால் அதை எப்படிப் பார்ப்பது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒரு சிறிய அறக்கட்டளையின் நிதிக்குழுவில் இருப்பவன். இப்படி வரும் கடிதங்களைப் படித்து, கொடுக்கலாமா வேண்டாமா என்று சொல்வது என் பொறுப்பு.

இந்தக் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். முதல் பக்கத்தில் ஒரு சிறுவனின் முகம், பெரிதாக. அடுத்து அந்த நாட்டின் வறுமை, வேலையின்மை, போதைப்பழக்கம். கடைசியில், 'உங்களால் இயன்றதைத் தாருங்கள்'. போகப்போகிற அப்பா, அம்மா, பிள்ளைகள் அங்கே எங்கே தங்குவார்கள், அந்தப் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போவார்கள், காய்ச்சல் வந்தால் யார் செலவு செய்வார்கள் என்று ஒரு வரி இருக்காது.

காரணம் புரிகிறது. கூச்சம்தான். ஏழைப் பையனுக்காகக் கேட்கலாம், நம் வீட்டு வாடகைக்காகக் கேட்பதா? அதனால் வாடகையை எங்கேயோ 'நிர்வாகச் செலவு' என்ற பெயரில் ஒளித்துவைக்கிறார்கள். அப்புறம் கொடுத்தவர்களுக்கு விஷயம் தெரியவரும்போது, ஏமாந்துவிட்டோம் என்று நினைக்கிறார்கள். நான் இன்று சொல்ல வந்தது இதைத்தான்: இந்த வேலையில் குடும்பத்தின் பிழைப்புதான் முக்கியச் செலவு. அதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.

கிணறு வெட்டினால் குழாய் வாங்கலாம், மோட்டார் வாங்கலாம். இளைஞர்களோடு வேலை செய்கிறவருக்கு வாங்குவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. பள்ளியை விட்டுவிட்ட 17 வயதுப் பையன் ஆரம்ப மாதங்களில் உங்களிடம் பாடம் கேட்க வருவதில்லை. இந்த ஆள் எத்தனை நாள் இருப்பார் என்று பார்க்க வருகிறான். அவனோடு பந்து விளையாட வேண்டும், வேலை விண்ணப்பம் நிரப்ப உதவ வேண்டும், வம்பில் மாட்டினால் காவல் நிலையத்துக்குக் கூடப் போக வேண்டும். அடுத்த வருடமும் அதே ஆள் அதே தெருவில் இருக்க வேண்டும். அப்படி இருப்பதற்கு ஆகும் செலவு வாடகை, சாப்பாடு, காப்பீடு. 'என் பணம் முழுக்க அந்தப் பிள்ளைகளுக்கே போக வேண்டும்' என்று சொல்லும் நல்ல மனிதர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன். அது அப்படித்தான் அவர்களுக்குப் போகிறது.

பெரிய அமைப்புகளில் இது யாருக்கும் கூச்சமாக இல்லை. 1961இல் தொடங்கிய அமெரிக்காவின் அமைதிப்படை (பீஸ் கார்ப்ஸ் என்ற அரசுத் தொண்டர் அமைப்பு) தன் தொண்டர்களுக்கு வாழ்க்கைப்படியும் மருத்துவமும் கொடுத்துத்தான் அனுப்புகிறது. அங்கே பணம் அரசாங்கத்திடமிருந்து வருகிறது. தனியாகப் போகும் குடும்பம் அதையே வீடு வீடாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது, வித்தியாசம் அவ்வளவுதான்.

சேர்க்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய கதை ஒன்று இருக்கிறது. 1792 அக்டோபரில் இங்கிலாந்தின் கெட்டரிங் என்ற ஊரில் சில போதகர்கள் கூடி ஒரு மிஷன் சங்கத்தைத் தொடங்கினார்கள். அன்று அவர்கள் எழுதிக்கொடுத்த வாக்குறுதிகள் எல்லாம் சேர்த்து 13 பவுண்டு, 2 ஷில்லிங், 6 பென்ஸ். அதற்கு அடுத்த வருடம் அந்தச் சங்கம் அனுப்பிய போதகர் வில்லியம் கேரி, மனைவி டோரதியையும் நான்கு பையன்களையும் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறினார். டோரதிக்கு முதலில் வர மனமில்லை. கடைசிப் பையன் கைக்குழந்தை. வங்காளத்தில் இறங்கியதும் கொண்டுபோன பணம் சீக்கிரமே கரைந்துவிட்டது. கடிதம் போய்ப் பதில் வர ஒரு வருடத்துக்கும் மேல் ஆகும் காலம் அது. குடும்பம் இடம் மாறிக்கொண்டே இருந்தது. 1794இல் கேரி அவுரித் தொழிற்சாலை ஒன்றில் மேலாளர் வேலைக்குப் போனார். அதே வருடம் பீட்டர் என்ற சின்னப் பையன் இறந்துபோனான். டோரதியின் மனம் கலங்கியது. 1807இல் இறக்கும் வரை தேறவே இல்லை. கேரி பின்னாளில் வங்காளத்துச் செராம்பூரில் செய்த பணிகள் புத்தகங்களில் இருக்கின்றன, நினைவுச்சின்னங்களிலும் இருக்கின்றன. அந்த 13 பவுண்டில் டோரதிக்கும் பையன்களுக்கும் என்று யாராவது ஒரு கணக்குப் போட்டார்களா என்பதுதான் என் கேள்வி. நோய்க்கும் சாவுக்கும் பணம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கையில் காசில்லாமல் ஊர் ஊராக அலைந்ததை அவர்களுக்கு மிச்சப்படுத்தியிருக்கலாம்.

சரி, இன்றைக்கு வருவோம். பல அமைப்புகள் இப்போது மாதாந்திர வாக்குறுதி முழுவதும் சேரும்வரை குடும்பத்தைப் பயணச்சீட்டு எடுக்கவே விடுவதில்லை. இது நல்ல வழக்கம். இதில் பயணம், விசா, வீட்டு முன்பணம் போன்ற ஒருமுறைச் செலவை ஒரு பக்கமும், மாதாமாதம் ஆகும் செலவை இன்னொரு பக்கமும் எழுதுவார்கள். அவசரமாக ஊர் திரும்ப வேண்டியிருந்தால் அதற்கான பணம் தொடாமல் தனியாக இருக்கும். உள்ளூர் மொழி படிக்கும் காலத்தில் 'வேலை' என்று காட்ட எதுவும் இருக்காது, அந்த மாதங்களுக்கும் பணம் வேண்டும். வாக்குறுதி கொடுத்தவர்களில் சிலர் வேலை இழப்பார்கள், சிலர் மறந்துவிடுவார்கள். கொடுக்கும் நாணயம் ஒன்று, செலவழிக்கும் நாணயம் இன்னொன்று; நாணய மாற்று விகிதம் இறங்கினால், யாரும் தொகையைக் குறைக்காமலேயே வருமானம் குறையும். இதற்கெல்லாம் இடம் விட்டுத்தான் தொகையைச் சொல்ல வேண்டும். குறைத்துச் சொல்வது பணிவு அல்ல. பாதியில் மூட்டை கட்டும் குடும்பம், தன்னை நம்பிப் பழகிய இளைஞர்களுக்கு, போகாமலே இருந்திருந்தால் செய்திருக்கும் கெடுதலைவிட அதிகம் செய்கிறது.

இப்போது கொடுப்பவர்கள் பக்கம். வாடகைக்குக் கொடுக்கலாம் என்றேன். கேள்வி கேட்காமல் கொடுக்கச் சொல்லவில்லை. நான் முதலில் கேட்பது, உங்களை அங்கே யார் கூப்பிட்டார்கள் என்பது. அந்த ஊரில் ஏற்கெனவே இந்த வேலையைச் செய்யும் உள்ளூர்க்காரர்கள் இருப்பார்கள். அவர்களில் ஒருவராவது இந்தக் குடும்பம் வரட்டும் என்று எழுதித் தர வேண்டும். அப்படி ஒரு ஆளும் இல்லையென்றால் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

அடுத்தது பாதுகாப்பு. ஐக்கிய நாடுகள் சபை தன் புள்ளிவிவரங்களில் 15 முதல் 24 வயது வரை உள்ளவர்களை இளைஞர் என்கிறது. அதே சபையின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கை 18 வயதுக்கு உட்பட்டவர்களைக் குழந்தை என்கிறது. ஆக, 15 முதல் 17 வரை உள்ளவர்கள் இரண்டிலும் வருகிறார்கள். மீசை முளைத்த பையன்தானே என்று விதிகளைத் தளர்த்த முடியாது. போகிற பெரியவர்கள் தங்கள் மீது குற்றப் பதிவு இல்லை என்று காவல்துறைச் சான்று வாங்கியிருக்கிறார்களா? ஒரு பிள்ளை புகார் சொல்ல நினைத்தால், இந்தக் குடும்பத்தைத் தாண்டி அது யாரிடம் போகும்? இதைக் கேட்டால் கோபப்படுகிறவர்களும் உண்டு. அந்தக் கோபத்தையும் நான் குறித்துக்கொள்வேன்.

வெளிநாட்டில் விடுதி கட்டி அநாதைப் பிள்ளைகளை வைத்துக் காப்பாற்றப் போகிறோம் என்று கடிதத்தில் இருந்தால், இன்னும் நிதானமாகப் படிப்பேன். உலகெங்கும் அநாதை இல்லங்கள் என்ற பெயரில் இருக்கும் விடுதிகளில் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள். நன்கொடை வருகிறது என்பதற்காகவே வீட்டிலிருந்து பிள்ளைகளைப் பிரித்துக் கொண்டுவந்த இடங்களும் உண்டு. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய தீர்மானம், இத்தகைய இல்லங்களுக்குச் சுற்றுலாபோல வந்துபோகும் தொண்டர்களால் விளையும் கெடுதலைத் தடுக்கும்படி நாடுகளைக் கேட்டுக்கொண்டது. பிள்ளையை அதன் சொந்தக் குடும்பத்தோடு சேர்த்துவைக்கப் பாடுபடுகிறோம் என்று ஒருவர் எழுதினால், புகைப்படம் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் எனக்கு அது போதும்.

பணம் போகும் வழி பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறேன். குடும்பத்தின் சொந்தக் கணக்குக்கு நேரே அனுப்புவதைவிட, பதிவுபெற்ற ஓர் அமைப்பின் மூலம் அனுப்புங்கள். கணக்குத் தணிக்கை இருக்கும் என்பதோடு, சட்டமும் பல இடங்களில் அதைத்தான் கேட்கிறது. அமெரிக்காவில் ஒரு தனிநபருக்கென்றே கொடுக்கும் பணத்துக்கு வரிச்சலுகை கிடையாது. தகுதிபெற்ற அமைப்பின் கட்டுப்பாட்டில் அது போய்ச் சேர வேண்டும். பணம் போய்ச் சேரும் நாட்டிலும் விதிகள் இருக்கும். இந்தியாவையே எடுத்துக்கொண்டால், வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010இன்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு வெளிநாட்டு நன்கொடை வாங்க முடியாது. விசாவும் அப்படித்தான். சுற்றுலா விசாவில் போய் 'சும்மா உதவி செய்கிறோம்' என்பது, பிடிபட்டால் அவர்களைக் கூப்பிட்ட உள்ளூர் அமைப்பையும் சேர்த்துக் கவிழ்க்கும்.

அந்தக் குடும்பத்தின் சொந்தப் பிள்ளைகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ரூத் யூசீம் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1950களில், வெளிநாட்டில் பணிபுரியும் பெற்றோரோடு வளரும் பிள்ளைகளைக் கவனித்து 'மூன்றாம் பண்பாட்டுக் குழந்தைகள்' என்று பெயர் வைத்தார். பெற்றோரின் ஊரும் முழுதாகத் தங்களுடையது இல்லை, வளரும் ஊரும் இல்லை என்று நிற்கும் பிள்ளைகள் அவர்கள். தெருவில் உள்ள எல்லா இளைஞர்களுக்கும் அப்பா நேரம் கொடுக்கிறார், நமக்கு இல்லை என்று அந்தப் பிள்ளை நினைக்க இடம் கொடுக்கக் கூடாது. அவர்களின் படிப்புக்கும், இடையில் தாத்தா பாட்டியைப் பார்க்க வருவதற்கும் பட்ஜெட்டில் வரி இருந்தால், அதைச் சொகுசு என்று தயவுசெய்து அடிக்காதீர்கள். எங்கள் குழுவில் இதற்காக நான் சண்டையே போட்டிருக்கிறேன்.

எவ்வளவு கொடுப்பது என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஒரே தடவையில் பெருந்தொகை கொடுத்துவிட்டு மறந்துபோகிறவரைவிட, சிறு தொகையை மாதாமாதம் தவறாமல் அனுப்புகிறவரை வைத்துத்தான் குடும்பம் அடுத்த வருட வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முடியும். நிறுத்துவதாக இருந்தால் மூன்று மாதம் முன்பே சொல்லிவிடுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மாதாமாதம் முடியாது, ஒரு தடவைதான் முடியும் என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லி, பயணச் செலவுக்கோ அவசரத் திரும்புதல் நிதிக்கோ என்று குறிப்பிட்டுக் கொடுங்கள். கடிதத்தில் அவற்றுக்குத் தனி வரி இல்லையென்றால், கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு பிறகு கொடுங்கள். வணக்கம்.