ஒரு பக்கம் மட்டும் கேட்கும் அழைப்பு

நேயர்களுக்கு வணக்கம். இணையத் தொலைபேசி அமைப்பவர்களை அலைக்கழிக்கும் இரண்டு கோளாறுகள் உண்டு. ஒன்று, மணி அடிக்கும், எடுப்பார்கள், ஆனால் ஒருவர் பேசுவது மட்டுமே கேட்கும். மற்றொன்று, நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே 32ஆவது நொடியில் இணைப்பு அறுந்துவிடும். இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் நாட், அதாவது ரவுட்டர் செய்யும் முகவரி மாற்றம்.

ரவுட்டர், பாக்கெட்டின், அதாவது வலையில் போகும் தகவல் துண்டின், மேலே உள்ள முகவரியை மட்டுமே மாற்றும். உறையில் விலாசத்தைத் திருத்திவிட்டு உள்ளே இருக்கும் கடிதத்தைத் தொடாமல் விடுவது மாதிரி. அழைப்பை ஏற்படுத்தும் நெறிமுறையான சிப்பின் செய்தியிலோ உள்ளேயும் முகவரிகள் இருக்கின்றன. பதில் வர வேண்டிய இடம் 'வயா' வரியில் இருக்கும். அடுத்தடுத்த கோரிக்கைகள் வர வேண்டிய இடம் 'காண்டாக்ட்' வரியில். குரல் வர வேண்டிய இடம், குரல் இணைப்பின் விவரங்களைச் சொல்லும் எஸ்டிபி பகுதியின் 'சி' வரியில். அங்கே 192.168.1.20 போன்ற உள்முகவரி இருந்தால் வெளியிலிருந்து யாரும் அதை எட்ட முடியாது.

அந்த 32 நொடிக்கும் கணக்கு உண்டு. அழைப்பை ஏற்கும் சர்வர், ஏற்றுவிட்டேன் என்று 200 ஓகே அனுப்பிவிட்டு, அது கிடைத்தது என்று சொல்லும் 'ஏக்' வரக் காத்திருக்கும். காண்டாக்டில் உள்முகவரி இருந்தால் ஏக் வந்து சேராது. சர்வர் அதே 200 ஓகேயைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். அரை நொடியின் 64 மடங்கு முடிந்ததும் அழைப்பைத் துண்டித்துவிடும்.

தொலைபேசி இணைப்பகமாக இயங்கும் ஆஸ்டரிஸ்க் மென்பொருள் உள்ள சர்வரும் ரவுட்டருக்குப் பின்னால், போன்களும் வேறு ரவுட்டர்களுக்குப் பின்னால் என்று வைத்துக்கொள்வோம். இனி நான் சொல்லும் பெயர்களில் சொற்களுக்கு நடுவே அடிக்கோடு வரும். ஆஸ்டரிஸ்கின் சிப் அமைப்புக் கோப்பில், டிரான்ஸ்போர்ட் பகுதியில் 'எக்ஸ்டர்னல் சிக்னலிங் அட்ரஸ்', 'எக்ஸ்டர்னல் மீடியா அட்ரஸ்' இரண்டிலும் வெளிமுகவரியை எழுதுங்கள். 'லோக்கல் நெட்' என்பதில் உள்வலைகள் அத்தனையும் வர வேண்டும், விபிஎன் வலை உட்பட. ஒன்றை விட்டாலும் அந்த வலையில் உள்ள போனுக்கு வெளிமுகவரி போய், பக்கத்து அறைக்குக்கூடக் குரல் கேட்காது. டிரான்ஸ்போர்ட் மாற்றங்கள் வழக்கமான ரீலோடில் ஏறாது. ஆஸ்டரிஸ்கையே நிறுத்தித் தொடங்க வேண்டும். இது தெரியாமல் சரியான அமைப்பை மாற்றி மாற்றிக் கெடுப்பவர்கள் நிறையப் பேர்.

போனுக்கான எண்ட்பாயின்ட் பகுதியில் 'டைரக்ட் மீடியா' நோ. 'ஆர்டிபி சிமெட்ரிக்', 'ரீரைட் காண்டாக்ட்' இரண்டும் எஸ். ஆர்டிபி என்பது குரலைச் சுமக்கும் நெறிமுறை. 'ஃபோர்ஸ் ஆர்போர்ட்' இயல்பிலேயே எஸ்தான். செய்திக்குள் எழுதியிருப்பதை நம்பாதே, பாக்கெட் வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பு என்பதுதான் இவற்றின் சாரம்.

ரவுட்டரில் சிப் செய்திகளுக்கான யூடிபி போர்ட் 5060ஐயும், குரலுக்கான 10000 முதல் 20000 வரையும் சர்வருக்குத் திருப்பிவிடுங்கள். ஓர் இணைப்புக்கு இரண்டு போர்ட் போகும். சிறிய அலுவலகத்துக்கு அவ்வளவு தேவையில்லை. ஆர்டிபி அமைப்புக் கோப்பில் வரம்பைச் சுருக்கினால் ரவுட்டரிலும் அதே எண்களைப் போடுங்கள்.

சிப் செய்திக்குள் இருக்கும் முகவரிகளைத் திருத்தும் 'சிப் ஏஎல்ஜி' வசதி ரவுட்டரில் இருந்தால் அணைத்துவிடுங்கள். உதவுவதற்கென்று வந்ததுதான், ஆனால் பல ரவுட்டர்களில் அது செய்தியை அரைகுறையாகத் திருத்தி, இருப்பதையும் கெடுக்கிறது.

போனிலிருந்து வெளியே அழைக்க முடிகிறது, சற்று நேரம் கழித்து உள்ளே மட்டும் அழைப்பு வரவில்லை என்றால், ரவுட்டர் வழியை மறந்துவிட்டது என்று அர்த்தம். யூடிபி வழியை இரண்டு நிமிடமாவது வைத்திருக்க வேண்டும் என்று 2007இல் வந்த ஆர்எஃப்சி 4787 என்ற இணையத் தர ஆவணம் சொல்கிறது. 30 நொடியிலேயே மூடும் கருவிகளும் உண்டு. போன் சர்வரில் செய்யும் பதிவோ பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும். போனின் பதிவு முகவரியைக் குறிக்கும் ஏஓஆர் பகுதியில் 'குவாலிஃபை ஃப்ரீக்வென்சி' 25 என்று வையுங்கள். சர்வர் 25 நொடிக்கு ஒருமுறை ஆப்ஷன்ஸ் செய்தி அனுப்பி வழியைத் திறந்தே வைத்திருக்கும்.

இத்தனைக்கும் பிறகு குரல் வரவில்லையா? ஆஸ்டரிஸ்க் கன்சோலில் 'ஆர்டிபி செட் டீபக் ஆன்' கொடுங்கள். 'சென்ட்' வரிகளில் வெளியூர் போனுக்கு 192.168 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால் சிமெட்ரிக் வேலை செய்யவில்லை. 'காட்' வரிகளே இல்லையென்றால் பாக்கெட் சர்வரை வந்தடையவே இல்லை. முதலில் ரவுட்டரின் போர்ட் வரம்பையும் ஃபயர்வாலையும் பாருங்கள், பிறகு சர்வர் அனுப்பும் எஸ்டிபியின் சி வரியை.